கண்ணாடியில் பார்த்த தழும்பு

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பெற்ற தாய்மேல் ஒரு சத்தியம், கையிலிருக்கும் கத்திமேல் ஒரு சத்தியம் என்று இரண்டு சத்தியம் செய்துவிட்டுத்தான் சலூன்காரர் இதைச் சொல்லவே தொடங்குவார். எத்தனையோ பேர் அவருடைய நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்தபடி இதைக் கேட்டிருக்கிறார்கள். கேட்கும்போது அந்தக் கத்தி அவர்களுடைய தொண்டைக்குழியில் இருந்தது. "நிஜமாவா?" என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. இதற்குமேல் ஒரு கதைக்கு என்ன சாட்சி வேண்டும்?

சலூன், பஸ் நிலையத்துக்குப் போகும் சந்தில் இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, எதிர்ச் சுவரை ஒட்டி மூன்று பேர் நெருக்கி உட்காரும்படி ஒரு பெஞ்சு. இருபத்தைந்து வருடம் ஒரே இடத்தில் நின்று, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கண்ணாடிக்குள்ளேயே பார்த்துப் பழகியதில் சலூன்காரருக்கு ஒரு கோளாறு வந்துவிட்டது. தெருவில் எதிரே வருகிற வாடிக்கையாளரை அவருக்குத் தெரியாது. வணக்கம் வைத்தால் பொதுவாக ஒரு சிரிப்பைச் சிரித்துவைப்பார். ஆள் தாண்டிப் போய்ப் பின்மண்டை தெரிந்ததும், "அட, தபால்காரரா" என்று திரும்பி ஓடுவார். ஒரு முறை மேம்பாலத்தின்மேல் நின்றுகொண்டு, கீழே போன நானூறு தலைகளுக்கு நடுவே உச்சிச் சுழியை மட்டும் பார்த்து ஒரு சைக்கிள் திருடனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். சைக்கிள்தான் கிடைக்கவில்லை.

மனைவியையே அவர் முதலில் பார்த்தது கண்ணாடிக்குள்தான். தம்பிக்கு முடிவெட்டக் கூட்டிவந்தவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஒரு வருடத்தில் அந்தத் தம்பிக்கு வாரத்துக்கு ஒரு முறை முடிவெட்டு நடந்தது. இனி வெட்டுவதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை வந்த பிறகு சலூன்காரர் பெண் கேட்டுப் போனார். கல்யாணமான முதல் வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. உதட்டோரம் இருந்த மச்சம் பக்கம் மாறியிருந்தது.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்றாள் அவள்.

"உனக்கு அக்கா தங்கச்சி யாராவது உண்டா?"

"இல்லையே."

"அப்பச் சரி."

விஷயம் தெரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து முக்கியமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், அவரைக் கண்ணாடி முன்னால் இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்று, கண்ணாடியைப் பார்த்துத்தான் சொல்வாள். "இப்பத் தெரியுதா நான் யாருன்னு? சரி, கேளுங்க."

அவளுக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை. பொத்தான் பிரிவு. ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு பொத்தான். சந்தில் அவளைப் பொத்தான்காரி என்றுதான் சொல்வார்கள். கை சும்மா இருக்காது. சலூன்காரரின் வெள்ளைக் கோட்டில் காஜா ஐந்து, பொத்தான் ஒன்பது.

அன்று காலை நாற்காலியில் இருந்தவர் புதியவர். அடர்ந்த தாடி. ஒரு நீல ரெக்ஸின் பையைப் பெஞ்சடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"முழுசா எடுத்துடுங்க."

பை வழியில் இடறியது. சலூன்காரர் காலால் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. "என்னங்க, இரும்புக் கடையை அப்படியே தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். வந்தவர் சிரிக்கவில்லை. சவரத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சிரிக்க மாட்டார்கள், கத்தி அப்படி. பெஞ்சில் தபால்காரர் பேப்பரை விரித்து அதற்குள் மறைந்திருந்தார்.

தாடி போனதும் கன்னத்தில் பிறை வடிவத்தில் ஒரு பழைய தழும்பு வெளியே வந்தது. கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, தழும்பை ஒட்டி மெதுவாகக் கத்தியைத் திருப்பினார் சலூன்காரர். அந்த நேரத்தில்தான் அவள் சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே வந்தாள். டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு, வழக்கம்போலக் கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள்.

"நேத்து மாதிரி நாலு மணிக்குச் சாப்பிட்டீங்கன்னு தெரிஞ்சுது, நாளையிலேருந்து டப்பா வராது."

"சரிம்மா."

"சரிம்மாவாம். நேத்தும் இதேதான் சொன்னீங்க."

வந்தவர் எழுந்து, காசை வைத்துவிட்டு வெளியேறினார். தபால்காரர் நாற்காலிக்கு மாறினார். அவள் பெஞ்சடியைப் பார்த்தாள்.

"இந்தப் பை யாரோடது?"

"அடடா, இப்பப் போனாரே அவரோடது."

அவள் இரண்டு கையாலும் பையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "அண்ணே, உங்களைத்தான், அண்ணே" என்று சந்தில் ஓடினாள். சலூன்காரர் திரும்பவில்லை, தபால்காரரின் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் அவளுடைய பின்னல் ஒரு முறை வாசல் நிலையில் இடித்துவிட்டுப் போவது தெரிந்தது. வெளியே அவள் குரல் கேட்டது: "இவ்வளவு கனமான பையை மறந்துட்டுப் போறீங்களே. நல்லவேளை நான் பாத்தேன்."

பிறகு அப்படியே பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

தபால்காரரின் இடது கிருதாவை முடித்துவிட்டு வலது கிருதாவுக்கு வந்தபோது சத்தம் கேட்டது. வலது கிருதாவில் அன்று விழுந்த பள்ளம் நிரம்ப ஒரு மாதம் ஆயிற்று.

பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து ஒன்பது பேர். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி அடையாளம் கேட்டபோது சலூன்காரரால் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மச்சான்தான் தலையை ஆட்டினான். அந்தப் பழைய தம்பி. இப்போது பஸ் டிப்போவில் மெக்கானிக், முப்பது வயது. சலூன்காரர் அவளுடைய கையை எடுத்து விரல்நுனியைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்திக் கருத்த புள்ளிகள் இருந்தன. "ஆமாங்க" என்றார்.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்.

"பை உங்க கடையில இருந்ததா தபால்காரர் சொன்னார். ஆனா அவர் ஆளைப் பாக்கல. தாடி இல்லாம அவனைப் பாத்த ஆளு ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

"நான்தாங்க தாடியை எடுத்துவிட்டேன்."

"உங்க தொழில் அது. அதை விடுங்க. இன்னொண்ணு சொல்றேன், மனசைத் திடப்படுத்திக்குங்க. அவன் பையை மறக்கல. உங்க கடையிலதான் விட்டுட்டுப் போகப் பாத்திருக்கான். திரும்பக் கைக்கு வந்ததும் பஸ் நிலையத்துல வெச்சுட்டுப் போயிட்டான்."

சலூன்காரர், "டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் டீ போட ஆளில்லை என்பது ஞாபகம் வந்தது.

படம் வரைகிறவரோடு ஸ்டேஷனில் உட்கார்ந்தார். நெற்றி எவ்வளவு, மூக்கு எப்படி, தாடை எந்த அளவு என்று விரற்கடை கணக்கில் சொன்னார். வரைகிறவரே அசந்துபோனார். தழும்புக்கு வந்ததும், இடமா வலமா என்று யாரும் கேட்கவில்லை. சலூன்காரர் கண்ணை மூடி ஒரு நிமிடம் தன் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணைத் திறந்து காகிதத்தில் விரலை வைத்தார். "இந்தப் பக்கம். பிறை மாதிரி."

அந்தப் படம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது.

அவளுடைய படத்தைச் சட்டம் போட்டு மச்சான் கொண்டுவந்தான். கண்ணாடிக்குமேல் மாட்டிப் பார்த்தார்கள். சலூன்காரருக்கு யாரையோ பார்ப்பதுபோல் இருந்தது. கழற்றி, பெஞ்சுக்குமேல் எதிர்ச் சுவரில் மாட்டினார். பிறகு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று கண்ணாடிக்குள் பார்த்தார். மச்சம் தன் இடத்துக்கு வந்திருந்தது.

"சரிம்மா" என்றார்.

நகராட்சியிலிருந்து ஒருவர் பசை வாளியோடு வந்தார். கடைக்குக் கடை நோட்டீஸ். கேட்பாரற்ற பையைக் கண்டால் தொடாதீர்கள், உடனே தெரிவியுங்கள், பொறுப்போடு நடப்போம் என்று சிவப்பு எழுத்து. பெஞ்சுக்குமேல் ஒட்டப் போனவரைச் சலூன்காரர் தடுத்தார்.

"அங்க வேணாங்க. அவ கண்ணுல படாத எடமாப் பாத்து ஒட்டுங்க. மனசு கஷ்டப்படுவா."

நோட்டீஸ்காரர் சுற்றிலும் பார்த்தார். கடையின் எல்லாச் சுவரும் ஏதோ ஒரு விதத்தில் கண்ணாடியில் தெரிந்தது. கடைசியில் கதவின் வெளிப்பக்கம் ஒட்டிவிட்டு, சவரம் செய்துகொள்ளாமலேயே போனார்.

நாலாவது மாதம் மச்சான் கிரீஸ் கையோடு ஓடி வந்தான்.

"மாமா, பிடிச்சுட்டாங்க."

"யாரை?"

"அவனைத்தான். சரக்குக் கிடங்குல மூட்டை தூக்குறவனாம். நீங்க சொன்ன அதே பக்கம், அதே தழும்பு. கேட்டா, மூட்டைக் கொக்கி கிழிச்சதுன்னு சொல்றானாம். அன்னிக்கு வேலைக்கு வரல. காய்ச்சலாம். பொண்டாட்டியைத் தவிர சாட்சி கிடையாது. நீங்க போய்க் கை காட்டினாப் போதும்."

சலூன்காரர் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டுவது நின்றது. நாலு மாதத்தில் முதல் முறையாக அவருக்குப் பசித்தது. மச்சானை உட்காரவைத்துவிட்டுப் போய் இரண்டு பேருக்கும் சாப்பாடு வாங்கிவந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

அடையாள அணிவகுப்பு நடந்த அன்று சலூன்காரர் ஒன்பது பொத்தான் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். வராந்தாவில் இன்ஸ்பெக்டர் தோளில் கை வைத்தார்.

"பதட்டப்படாதீங்க. எட்டுப் பேர் நிப்பாங்க. அவன் எதிர்ல போய்த் தோளைத் தொடணும். ஒரு தொடு, அவ்வளவுதான். ஒன்பது குடும்பம் உங்க கையைத்தான் பாத்துட்டு இருக்கு."

"சரிங்க."

"யாருன்னு நான் சொல்லக் கூடாது. சொல்லவும் வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்."

உள்ளே மாஜிஸ்திரேட் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முழு வழுக்கை. ஆகவே சலூன்காரருக்கு அவரைப் பற்றி எந்த அபிப்பிராயமும் ஏற்படவில்லை. எட்டுப் பேர் சுவரை ஒட்டி வரிசையில் நின்றார்கள். சலூன்காரர் பழக்கதோஷத்தில் முதலில் தலைகளைத்தான் பார்த்தார். ஏழு தலைக்குப் போலீஸ் கிராப். ஏழும் ஒரே கை வெட்டியது, அதுவும் போன வாரம் வெட்டியது. மீதி ஒரு தலைக்குப் பல மாதமாகக் கத்தரி படவில்லை. ஏழு பேர் காலில் பாலீஷ் போட்ட ஷூ. ஒருவருக்கு வெறுங்கால், விரல்கள் மூட்டை சுமந்து அகன்றிருந்தன. தழும்பும் அந்த ஒருவருக்குத்தான்.

அவர் நாலாவதாக நின்றார். சலூன்காரர் அவர் எதிரே போய் நின்றார்.

அதே முகம். நெற்றி அதே, தாடை அதே. நாலு மாதமாகக் கண்ணை மூடும்போதெல்லாம் பார்த்த தழும்பு, பார்த்த அதே பக்கத்தில் இருந்தது. சலூன்காரரின் வலது கை தானாக மேலே எழுந்தது. மூட்டைக்காரர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு சலூன்காரரின் முகத்தைப் பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. ஆஸ்பத்திரி வரிசையில் தன் முறை வந்ததும் உள்ளே போகிறவர் மாதிரி இருந்தார்.

தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் கை நின்றது.

நேருக்கு நேர் பார்த்து ஒரு முகம் இவ்வளவு சட்டென்று தெரிவது சலூன்காரருக்கு இதுவரை நடந்ததில்லை. தபால்காரரைத் தெரியாது, மச்சானைத் தெரியாது, கட்டிக்கொண்டவளையே மச்சம் மாறித்தான் பார்த்தார். இந்த முகம் மட்டும் எப்படி மாறாமல் நிற்கிறது?

"ஐயா" என்று மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார். "ஒரு கண்ணாடி வேணும்."

"மூக்குக் கண்ணாடியா?"

"இல்லைங்க. முகம் பாக்குற கண்ணாடி. ஒரு நாற்காலியும்."

இன்ஸ்பெக்டர் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். அவரை வெளியே நிறுத்தியிருந்தார்கள். மாஜிஸ்திரேட் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சலூன்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆளனுப்பினார். கழிப்பறையில் ஆணியில் தொங்கிய கண்ணாடி வந்தது. ஓரத்தில் பற்பசைத் துளிகள் காய்ந்திருந்தன. சலூன்காரர் மூட்டைக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, அவருடைய தலைக்குப் பின்னால் போய் நின்றார். பியூனை எதிரே நிற்கச் சொல்லிக் கண்ணாடியைப் பிடிக்கவைத்தார். "கொஞ்சம் மேல. போதும்."

கண்ணாடிக்குள் தழும்பு அந்தப் பக்கம் போய்விட்டது.

சலூன்காரரின் கட்டைவிரல் தானாக ஒரு கன்னத்தில் போய்த் தோலை இழுத்துப் பிடித்தது. அன்று காலை தழும்பை ஒட்டிக் கத்தியைத் திருப்பிய கன்னம் அதுதான், வாசல் பக்கத்துக் கன்னம். மூட்டைக்காரரின் அந்தக் கன்னம் வழுவழுவென்று இருந்தது. கை பொதுவாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். யாரும் அதைக் கேட்பதில்லை. கழுத்தைத் தடவினார். அன்று வந்தவனுக்குக் கழுத்து முடி மேல்நோக்கி வளர்ந்திருந்தது. இது கீழ்நோக்கி.

அந்தக் கழுத்தைப் பிடித்தபடி அவர் வெகுநேரம் நின்றார். கையை எடுத்தால் அந்த முகம் போய்விடும். இந்த ஒரு முகத்தை வைத்துக்கொண்டுதான் நாலு மாதம் காலையில் எழுந்து கடை திறந்திருக்கிறார். இதையும் விட்டுவிட்டால் அவளை ஓடவைத்தவன் ஊரில் உள்ள எல்லா முகங்களிலும் கலந்துபோவான். மூட்டைக்காரரின் நாடித்துடிப்பு விரலுக்கடியில் தட்டிக்கொண்டிருந்தது.

"இவர் இல்லைங்க" என்றார் சலூன்காரர்.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் மாஜிஸ்திரேட்.

"யோசிச்சுட்டேன். தப்பு என்னோடது. நான் ஆளைப் பாக்கல, கண்ணாடியைத்தான் பாத்தேன். கண்ணாடியில தெரிஞ்ச பக்கத்தை அப்படியே படத்துல வெச்சுக் காட்டிட்டேன். போலீஸ்ல அதை முகம்னு நெனச்சுத் தேடி இவரைப் புடிச்சுட்டாங்க. நெஜ ஆளுக்குத் தழும்பு அடுத்த கன்னத்துல."

மாஜிஸ்திரேட் எழுந்து வந்து, பியூனின் கையிலிருந்த கண்ணாடியை வாங்கித் தன் முகத்தைப் பார்த்தார். இடது காதைத் தொட்டார், வலது காதைத் தொட்டார். திரும்பிப் போய் எழுதத் தொடங்கினார். மூட்டைக்காரர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்துகொள்ளலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மச்சான் வெளியே மரத்தடியில் நின்றிருந்தான்.

"தொட்டீங்களா?"

"தொட்டேன். ஆனா அவர் இல்ல."

"என்ன மாமா சொல்றீங்க? அப்ப யாரு?"

"தெரியல."

"அக்கா சும்மா போச்சா அப்ப?"

சலூன்காரர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். காஜா இல்லாத பொத்தான்களில் ஒன்று அது. "உங்க அக்கா என்ன பண்ணிட்டுப் போனா? ஒருத்தர் பொருள் தப்பான எடத்துல இருக்குன்னு எடுத்துட்டு ஓடினா. நான் ஒரு ஆளைத் தப்பான எடத்துல வெச்சுட்டேன், மச்சான். அவ இருந்திருந்தா என்னையும் ஓடிப்போய் அந்த ஆளைத் திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லியிருப்பா."

மச்சான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

அதன்பிறகு பெஞ்சு காலியாகவே இருந்தது. அடுத்த தெருவில் புதிதாக ஒரு சலூன் திறந்து, இரண்டு நாற்காலி போட்டுச் சுழல் விசிறியும் வைத்திருந்தார்கள். தபால்காரர் மட்டும் வந்தார். "எனக்கு அங்க போனா ரெண்டு கிருதாவும் ஒரே அளவா வெச்சுடுறாங்க, பழக்கமில்லை" என்றார். மச்சான் இரண்டரை மாதம் வரவில்லை. காதை முடி மூடிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். சலூன்காரர் துணியைப் போர்த்தி, சீப்பை எடுத்தார். இரண்டு பேரும் கண்ணாடிக்குள் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முன்னாடி ரொம்பக் குறைக்காதீங்க, அக்கா திட்டும்" என்றான் மச்சான் கடைசியில்.

"எனக்குத் தெரியாதா?"

மூட்டைக்காரர் வந்தது அதற்கடுத்த வாரம். வாசலில் நின்று, கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸை முழுதும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு உள்ளே வந்தார். தாடி கன்னத்தை மூடியிருந்தது. சலூன்காரருக்கு முதலில் ஆள் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடிக்குள் முகம் வந்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"எடுத்துடுங்க" என்றார் மூட்டைக்காரர். "வேலைக்குத் திரும்பச் சேத்துக்கிட்டாங்க. தாடியில தூசி ஏறுது."

வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து முகத்தில் போட்டார் சலூன்காரர். இரண்டு முறை நுரை போட்டார். கத்தியைப் புதிதாகத் தீட்டினார். கொக்கி கிழித்த தழும்பை இதுவரை யாரையும் தொடாத மாதிரி அவ்வளவு மெதுவாகத் தொட்டார்.

மூட்டைக்காரர் கண்ணாடிக்குள் எதிர்ச் சுவரைப் பார்த்தார். "இவங்கதானா?"

"இவதான்."

"பாக்கச் சிரிச்ச முகமா இருக்காங்க." கொஞ்சம் இழுத்தார். "பையை அவங்க கொண்டுபோய்க் குடுக்காமலே இருந்திருக்கலாம்னு உங்களுக்குத் தோணுமா?"

"முதல்ல தோணிச்சு. பை இங்கேயே இருந்திருந்தா நான் போயிருப்பேன், தபால்காரர் போயிருப்பார். பஸ் நிலையத்துல போன மத்த எட்டுப் பேரும் வீட்டுக்குப் போயிருப்பாங்க. அவ எங்க இருந்திருப்பாளோ, அதைத்தான் கணக்குப் போட முடியல. சந்துல இருந்திருப்பாளா, பஸ்ஸுல இருந்திருப்பாளா." கத்தியை உள்ளங்கையில் துடைத்தார். "நீங்க மட்டும் நிச்சயமாத் தப்பிச்சிருப்பீங்க. படம் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேனே."

மூட்டைக்காரர் சிரித்துவிட்டார். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். நுரை உதட்டுக்குள் போகவே துப்பினார்.

"சிரிக்காதீங்க, கத்தி இருக்கு" என்றார் சலூன்காரர். சிரிப்பு அடங்கும்வரை கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

படிகாரம் தடவி, பவுடர் போட்டு, நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிவிட்டார். மூட்டைக்காரர் சட்டைப்பையில் கை வைத்தார். சலூன்காரர் அந்தக் கையைப் பிடித்துத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவர் சந்தில் இறங்கி நடந்தபோது, சலூன்காரர் வாசலுக்கு வந்து நின்று பின்னாலிருந்து அவருடைய தலையைப் பார்த்தார். இனித் தெருவில் பார்த்தால் தெரிந்துகொள்ள வேண்டுமே. உச்சியில் ஒற்றைச் சுழி, கொஞ்சம் இடப்பக்கமாக.

சலூன்காரர் கதையை முடிப்பது இங்கேதான். அடையாள அணிவகுப்புப் பதிவேட்டில், 'சாட்சி நாலாவதாக நின்றவரைத் தயக்கமின்றித் தோளில் தொட்டுக் காட்டினார்' என்ற வரிக்குக் கீழே சலூன்காரரின் கையெழுத்து இருக்கிறது. மூட்டைக்காரருக்குச் சிறையில் இது பதினோராவது வருடம்.